பாதி ஏணி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் முடிந்ததிலிருந்து உனக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி வரும்: ‘வேலைல இருக்கேன்.’ ஞாயிற்றுக்கிழமைகூடவா கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிறாய்? கடிதமென்றால் தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார், உன்னால் எடுக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரே தாய்மாமன். மண்டபத்தில் வருகிறவர் போகிறவரெல்லாம் “உன் தம்பி எங்கே?” என்று கேட்டார்கள். “லீவு கிடைக்கல” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பொய்யாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஒருவர்தான் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அதிகமாக உறுத்தியது. உன் மனைவியும் உன் மகள் சின்னவளும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவிய ஈரம் காயுமுன் கிளம்பிவிட்டார்கள். உன்னைப் பற்றிக் கேட்டால் உன் மனைவி பேச்சை மாற்றுகிறாள்.

குடும்பப் படம் எடுக்கும்போது மகள் என் காதருகே வந்து, “மாமாவுக்குன்னு கொஞ்சம் இடம் விட்டு நிக்கலாமாம்மா?” என்றாள். “வராதவனுக்கு எதுக்கு இடம்?” என்று சொல்லி எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உற்றுப் பார்த்தால் அது சிரிப்பில்லை என்று தெரியும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நீயும் நானும்தானே மிச்சம். அப்படி என்ன தலைக்கனம் உனக்கு? மேலேயே இருந்து பழகி, கீழே இருப்பவர்கள் எல்லாம் எறும்பாகத் தெரிகிறார்களா?

பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்தேன். கீழே இருப்பவர்கள் எறும்பாகத்தான் தெரிகிறார்கள். அதில் தலைக்கனம் ஒன்றும் இல்லை, உயரம் அப்படி.

லீவு கிடைக்காதது உண்மைதான். கட்டடம் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது. கம்பி, பலகை, கான்கிரீட் வாளி எல்லாமே என் கொக்கியில்தான் மேலே போக வேண்டும். நான் ஒரு நாள் இறங்கினால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாற்று ஆள் போடச் சொல்லி நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போன் விஷயம் வேறொன்றும் இல்லை. கேபினில் மோட்டார் சத்தம், வீட்டுக்கு வந்தால் அசதி. கடிதம்தான் எனக்குச் சௌகரியம். யோசித்து எழுதலாம்.

இங்கே எனக்கு ‘உச்சி’ என்று பெயர். காலையில் முதல் ஆளாக ஏணியில் ஏறுவேன், மாலையில் கடைசி ஆளாக இறங்குவேன். நடுவில் இறங்குவதே இல்லை. சாப்பாட்டு டப்பாவைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வேன். கீழே நின்று எனக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர் இருக்கிறாரே, அவர் வாக்கி-டாக்கியில், “உச்சி அண்ணே, மேல கூடு கட்டிட்டீங்களா?” என்று கேட்பார். வேலை மேல் எனக்கு அவ்வளவு பக்தி என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

மருமகளுக்கு என் ஆசியைச் சொல். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். மருமகளுக்கு மட்டும் சொன்னால் போதும்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தில் வேலையைப் பற்றி எல்லாம் இருக்கிறது, உன்னைப் பற்றி எதுவும் இல்லை. அதனால் சின்னவளிடம் பேசினேன். அவளைத் திட்டாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

நீ கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டாய், நாற்காலியில் சாய்ந்துதான் தூங்குகிறாய் என்றாள். “எப்பவாவது படுத்தா, குறட்டை சத்தம் திடீர்னு நின்னுடுது அத்தை. அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் அம்மாவும் நானும் அப்படியே பாத்துக்கிட்டு இருப்போம்” என்றாள். அந்தப் பெண் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் போல என்று நினைக்கிற குரலில் சொன்னாள்.

ஆஸ்துமா என்று மருந்து இழுக்கிறாயாம். யார் சொன்னது ஆஸ்துமா என்று? குழாயில் ஊதவைத்துப் பார்த்தார்களா? அந்த மருந்தை இழுத்தால் உனக்குக் குறைகிறதா? காலையில் தலைவலி உண்டா? குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு முட்டுகிறதா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா?

ஆஸ்பத்திரியின் மூச்சுப் பரிசோதனை அறையிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. உன்னைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன். என்னிடம் ஒளிக்காதே.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

‘உன்னைப் போன்றவர்கள்.’ அந்த வார்த்தையை நீ எழுதியதும் நல்லதாகப் போயிற்று. எனக்கும் வாய் திறந்தது.

மருமகளைப் பெண் பார்த்து முடிவான பிறகு, மாப்பிள்ளை வீட்டாரை உன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தாயே, நினைவிருக்கிறதா? உன் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் பழுது. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் போனைப் பார்ப்பதுபோல நின்று நின்று ஏறினேன். வாசலில் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். தாய்மாமன் என்று அறிமுகப்படுத்தினாய். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கைகொடுத்தார். நான் இன்னும் வாய் திறந்து பேசக்கூட இல்லை. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “இவன் மூச்சு விடுற சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க. இதைத்தான் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வரேன். வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டேங்குது.”

எல்லோரும் கேட்டார்கள், அக்கா. நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டார்கள். நான் மூச்சை அடக்கினேன். அடக்கினால் அடுத்த மூச்சு இன்னும் பெரிதாக வரும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வந்தது. மாப்பிள்ளையின் தங்கை வாயை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எப்படி மண்டபத்தில் வந்து நிற்பேன்? போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்கிறாய். எடுத்தால் நான் சொல்வதையா கேட்பாய்? வார்த்தைக்கு நடுவே எத்தனை முறை மூச்சு வாங்குகிறேன் என்று கேட்பாய். கடிதத்தில் அது கேட்காது.

கண் சொக்குகிறதா என்ற கேள்விக்கு நான் பதில் எழுத மாட்டேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடியும் எழுதுகிறேன்.

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்படிச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் என் நினைவில் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. எல்லோரும் புதியவர்கள், யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், கலகலப்பாக்கலாம் என்று பக்கத்தில் கிடைத்ததை எடுத்துப் போட்டேன். கிடைத்தது நீ. உன் மருமகளிடம் கேட்டேன். “அன்னைக்கு மாமா சாப்பிடவே இல்லம்மா. நீ கவனிக்கலையா?” என்றாள். கவனிக்கவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் அந்தச் சொல் ரொம்பச் சின்னதாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. என் மேல் உள்ள கோபத்தை உன் உடம்பின் மேல் காட்டாதே. இடதுபக்கம் ஒருக்களித்துப் படு. தலைப்பக்கத்தை உயர்த்தி வை. நல்ல நுரையீரல் மருத்துவரைப் பார். ஏணியில் ஏறுவதைக் கொஞ்ச நாள் நிறுத்து. இப்படி அதிகாரம் பண்ணுகிற பழக்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

உனக்குப் பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அவர்களிடம் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏணியில் இளைப்பாறுவதற்கு நடுநடுவே இரும்புத் தட்டு உண்டு. முன்பெல்லாம் அதில் நிற்காமலே ஏறிவிடுவேன். பிறகு ஒன்றில் நின்றேன், பிறகு எல்லாவற்றிலும் நின்றேன். அன்றைக்குப் பாதி ஏணியில் நின்றேன், மூச்சு திரும்பி வரவே இல்லை. இழுக்கிறேன், நெஞ்சின் மேல்பாகத்தோடு நின்றுவிடுகிறது, அடிவரைக்கும் இறங்க மறுக்கிறது. கையெல்லாம் மரத்துவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கீழே கூடி அண்ணாந்து பார்க்கிறார்கள்.

வாக்கி-டாக்கியில் “ஏணி வழுக்குது, கொஞ்சம் பொறுத்து ஏறுறேன்” என்றேன். மழை பெய்து வாரக்கணக்காகிறது. அதைக் கேட்ட சிக்னல்காரர் விறுவிறுவென்று ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “உக்காருங்கண்ணே” என்றார். என் பெல்ட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு, கீழே இருந்த லாரி கிரேனில் ஆள் தூக்கும் கூண்டைக் கட்டி அனுப்பச் சொன்னார்.

எத்தனையோ ஆயிரம் சுமைகளைத் தூக்கியவனை ஒரு சுமையாகக் கட்டினார்கள், அக்கா.

கிரேன் வேலையில் ஒரு நியதி உண்டு. கொக்கியில் சுமை ஏறியதும் ஓட்டுபவர் திரையில் தெரியும் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், சிக்னல்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் தளத்தில் இதைக் கறாராக நடத்தியவனே நான்தான். லாரி கிரேன்காரர் எடையைச் சொன்னார். எல்லோருடைய வாக்கி-டாக்கியிலும் கேட்டது. சிக்னல்காரர் என் பக்கத்தில்தான் கூண்டில் நின்றார். பட்டனை அழுத்தியவர் எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் “சரி, இறக்கு” என்று மட்டும் சொன்னார். கூண்டில் நாங்கள் இருவர். அவர் ஒல்லிக்குச்சி என்பது ஊருக்கே தெரியும். கழித்துப் பார்க்க யாருக்கும் நேரம் ஆகியிருக்காது. அந்த எண்ணை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

கீழே இறங்கியதும் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் அதைக் கண்ணாலேயே திருப்பி அனுப்பிவிட்டு, இரும்பு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அந்தக் கரிசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்துமா என்று சொல்லி வேறொரு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர், “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றார். நான் வீட்டில் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தவுடன் போன் செய்தேன், நீ எடுத்தாய். நான் ஒன்றும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. உன் மூச்சு கேட்டது. மறைக்காமல் கேட்கவிட்டாய் என்பதை நான் புரிந்துகொண்டேன். பேச வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச முடியாததை எழுதுகிறேன்.

எங்கள் அறையில் ஊதுவதற்கு முன்னால் ஆளை எடை பார்க்க வேண்டும். நான் எடை மெஷின் பக்கத்தில் நிற்பேன், என் கூட வேலை பார்க்கும் பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், அவள் அடித்துக்கொள்வாள். நடுவில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருடமாக இப்படித்தான். உன் கடிதத்தைப் படித்த மறுநாள் ஒரு பெண்மணி வந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவராம். மெஷினில் ஏறும் முன் என் கையைப் பிடித்து, “கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா? அங்க உக்காந்திருக்கிறது என் ஸ்டூடண்ட்டோட அப்பா” என்றார். என் வாய்வரைக்கும் வந்துவிட்ட எண் அப்படியே நின்றது. இதற்கு முன் எத்தனை பேர் கேட்க நினைத்துக் கேட்காமல் போயிருப்பார்கள்? சிலர் மெஷினைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

உன்னை ஒருநாள் ஒரு வீட்டுக் கூடத்தில் அவமானப்படுத்தினேன். அதே வேலையைச் சம்பளத்துக்குத் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். இப்போது எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லவே கூசுகிறது.

உனக்கு ஆஸ்துமாவாக இல்லாமலும் இருக்கலாம். ஊதிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பருமனாக ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றால், பாதிப் பேர் ஆஸ்துமா என்கிறார்கள், மீதிப் பேர் ‘முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா’ என்கிறார்கள். இரண்டு பேருமே சோதித்துப் பார்ப்பதில்லை. இங்கே வா. எங்கள் டாக்டர் பொறுமையானவர். நான் அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன். அந்த அறையில் என் முகம் இருக்காது.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

வருகிறேன். நீ லீவு போட்டுவிடு. சொன்ன சொல் மாறாதே.

வருவதற்குக் காரணம் உன் கடிதம் மட்டும் இல்லை. பதில் எழுத மாட்டேன் என்று ஒரு கேள்வியை விட்டேனே, அதற்குப் பதில் எழுதுகிறேன். கண் சொக்குகிறது. கேபினில் கையில் லீவரைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறேன், பலமுறை. ஒருதடவை விழித்துப் பார்த்தபோது கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எப்போது தூக்கினேன் என்றே எனக்கு நினைவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, கம்பிக்கு நேர்கீழே யாரும் இல்லை. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அப்படியும் மறுநாள் ஏறினேன்.

உடம்பைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டிருக்க வேண்டியது இதற்கு.

தம்பி


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

லீவு போட்டது உண்மை. வீட்டில் இருந்தேன் என்பது பொய். நீ உள்ளே போனதும் அறைக்கு வெளியே, கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். என் கூட வேலை பார்க்கும் பெண் உன்னை ஊதவைப்பதைக் கேட்டேன். நான் ஊதவைத்தால் எதிர் வரிசைவரை கேட்கும்: “ஊதுங்க, ஊதுங்க, இன்னும், விடாதீங்க, இதுதானா உங்க பலம்?” அவள் குரல் உயரவே இல்லை. “அவசரமில்லை. உங்களுக்கு முடியும்போது” என்றாள். நீ ஊதினாய். பாதியில் இருமினாய். “பரவாயில்ல, தண்ணி குடிங்க” என்றாள். எனக்குக் கீழே வேலை பழகியவள்தான் அவள். இந்த இதமான பேச்சை அவள் என்னிடம் கற்கவில்லை. நான் போய் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் நம் இருவரையும் கூப்பிட்டு விளக்கியபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாய். ஒன்றும் காதில் விழுந்திருக்காது. அதனால் மறுபடி எழுதுகிறேன்.

உன் நுரையீரல் கெட்டுப்போகவில்லை. மூச்சுக் குழாய்கள் ஆஸ்துமாக்காரர்களுக்குச் சுருங்குவதுபோல் சுருங்கவும் இல்லை. இழுத்த மருந்தெல்லாம் கேட்காமல் போனது அதனால்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே திரைபோல ஒரு தசை இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் விட வேண்டும். உன் வயிறு அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது, நெஞ்சுக்கூட்டின் மேலும் சுமை. அதனால் ஒவ்வொரு மூச்சையும் நீ தூக்க வேண்டியிருக்கிறது. மூச்சை விட்ட பிறகும் எல்லோருக்கும் உள்ளே கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். நுரையீரலின் அடியில் உள்ள சின்னச் சின்னக் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அந்த மிச்சம்தான். உனக்கு அது மிகவும் குறைந்திருக்கிறது. அடிக்குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் அதுவரைக்கும் போய்க் காற்றில்லாமல் திரும்பி வருகிறது. அடிவரைக்கும் இறங்க மறுக்கிறது என்று எழுதியிருந்தாயே, சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

படுத்தால் இது இன்னும் மோசம். தூக்கத்தில் தொண்டையும் தளர்ந்து மடிந்து வழியை அடைக்கிறது. மூச்சு நின்று, உடம்பு பதறி எழுப்பி, மறுபடி நின்று, விடியும்வரை இதே பாடு. இரவெல்லாம் மல்லுக்கட்டியவனுக்குப் பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும்? இது சோம்பல் இல்லை, நோய். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

அதற்காகத்தான் டாக்டர் கொடுத்த அந்த முகமூடி. காற்றை மெல்லிய அழுத்தத்தோடு உள்ளே அனுப்பித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். அதைக் கையில் வாங்கும்போது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். போட்டுக்கொள். எடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. அது உனக்கும் டாக்டருக்கும் நடுவில். கொஞ்சம் குறைந்தாலே மூச்சுக்குத் தெரியும் என்று அவர் சொன்னதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வெகுநாளாக எழுதவில்லை. எழுதும்படி ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன். நடந்திருக்கிறது.

முகமூடியை முதலில் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டேன். சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு, “விமானம் ஓட்டப் போறீங்களாப்பா?” என்றாள். சில நாள் கழித்து, காலையில் நான் எழுந்து முகம் கழுவி வந்தும் என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுந்ததும் கேட்டேன். “நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாத்துப் பாத்து எனக்கும் தூக்கம் போயிடுச்சு. எத்தனையோ வருஷம் ஆச்சு” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

காலைத் தலைவலி போய்விட்டது. பகலில் கண் சொக்குவதில்லை. எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, நடுவில் ஒருமுறை ஏறவும் செய்தது. மாடிப்படியில் இன்னும் நின்றுதான் ஏறுகிறேன். ஆனால் நிற்கும்போது போனைப் பார்ப்பதுபோல நடிப்பதில்லை.

கேபினை விட்டுவிட்டேன். மேனேஜரிடம் நானே போய், தூங்கியதைச் சொன்னேன். அவர் என்னைக் கீழே வேலைக்குப் போட்டார். எந்தச் சுமையை எங்கே கட்டி, எந்த வழியாகத் தூக்குவது என்று காலையில் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை. மேலே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கொக்கியைத் திருப்பும்போது என் கை தானாக அசைகிறது.

சிக்னல்காரரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கொக்கிக்குக் கீழே நின்றவர் அவர். டீ குடிக்கும்போது, “உங்க தலைக்கு மேல சுமையை வெச்சுக்கிட்டு நான் தூங்கியிருக்கேன்” என்றேன்.

“தெரியும்ணே” என்றார்.

“என்ன தெரியும்?”

“வாக்கி-டாக்கி பட்டனை அழுத்தின மாதிரியே தூங்கிடுவீங்க. குறட்டை கீழ வரைக்கும் கேக்கும். கேட்ட உடனே ஆளுங்களை ஒதுக்கிவிட்டுட்டு, உங்களைக் கத்திக் கூப்பிடுவேன்.”

கம்பிக் கட்டுக்குக் கீழே ஏன் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை என்று எழுதினேன் இல்லையா, அந்த நல்லவேளையின் பெயர் இவர்.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்றேன்.

“சொன்னா உங்களை இறக்கிடுவாங்க. அப்புறம் உங்க மூஞ்சியை எப்படிப் பாக்குறது? இன்னைக்கு சரியாகும், நாளைக்கு சரியாகும்னு விட்டுட்டேன். தப்புதாண்ணே. கீழ நின்னவங்க எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியவங்க.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெட்கப்பட்டு மறைத்தேன், அவர் என் வெட்கத்துக்காக மறைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவரைக் கொன்றிருப்போம்.

இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று மேனேஜரிடம் நானே கேட்டேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சொன்னேன். கட்டுக்கோப்பாக ஒன்றும் பேசவில்லை. மூச்சு, தூக்கம், கொக்கி எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். முகம் எரிந்தது. சொல்லி முடித்த பிறகும் எரிச்சல் தணியவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்களே, எனக்கு அப்படி இறங்கவில்லை.

எங்கள் தளத்தில் ஒரு வெல்டர் இருக்கிறார். என்னைவிடப் பருமன். இத்தனை காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்தும் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதில்லை. நின்றால் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். சாப்பிடும் இடத்தில்கூட அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகு நான் சங்கிலிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார். ஒரு சங்கிலியை எடுத்து அவரும் கண்ணி கண்ணியாகப் பார்த்தார். அது அவர் வேலையே இல்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. என்னுடையது அவருக்கும் கேட்டிருக்கும்.

வெகுநேரம் கழித்து, சங்கிலியைப் பார்த்தபடியே, “அந்த டெஸ்ட்ல சட்டையைக் கழட்டச் சொல்வாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. சட்டையோடதான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

தலையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் மறுபடி வந்து, எந்த நாள் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டார்.

வியாழக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார முடியாது. முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வருவோம்.

தம்பி